கல்லை இழுக்காதே

நோன்பு மாதத்தில் விட்ட பீடியை நூஹு பெருநாள் கழிந்தும் தொடவில்லை. ஐம்பதைத் தாண்டிய நெஞ்சில் இரைச்சல் நின்றது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. ரேஷன் அரிசிக் காலத்திலும் மனைவி ருகையாவின் சட்டி மிச்சமில்லாமல் காலியானது. மாசியில் சங்கு குளிக்க வள்ளம் இறங்கியபோது அவருக்குத் தொப்பை விழுந்திருந்தது.

முதல் நாளே இரண்டு முறை வெறுங்கையோடு மேலே வந்தார். கயிற்றில் கட்டிய கல்லின் கண்ணியில் கால் மாட்டித் தரைக்குப் போவது, காலை எடுப்பது, கல்லை வள்ளத்திலிருப்பவன் இழுத்துக்கொள்வது, இதுதான் வழக்கம். காலை எடுத்ததுமே தொப்பை அவரை மேலே தூக்கியது. மூச்சு மிச்சமிருந்தது. நிற்கத்தான் முடியவில்லை.

"ஓய், நாளையிலேருந்து மேல இருந்து கயிறு பிடியும்" என்றார் வள்ளத்தை நடத்தும் தண்டல் பிலவேந்திரம். "கீழ வயசுப் பயலுவ போவட்டும்."

நூஹு முப்பது வருஷம் கீழே போனவர்.

கயிறு பிடிக்கும் ஹாமிது, ருகையாவின் தம்பி, பீடியை நீட்டினான். "ரெண்டு மாசம் இழுத்தா தொப்பை வத்திரும் மச்சான்."

வாசனைக்கு வாய் ஊறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி கல்லில் காலை வைத்தார்.

இந்தத் தடவை தரை தட்டியும் காலை எடுக்கவில்லை. வெட்கத்தில் அதை ஹாமிதிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவுமில்லை. கல் பிடித்து நிறுத்தியது. சங்கில் கை பட்டது. அதே நேரம் கயிறு விறைத்தது. ஹாமிது வழக்கம்போல் இழுத்தான். கண்ணி கணுக்காலை இறுக்க, தலைகீழாகப் புரண்டு, மூக்கெல்லாம் உப்புநீராக மேலே வந்து விழுந்தார்.

"யா அல்லா! கால எடுக்காம என்னத்துக்குக் கெடந்தீரு? ருகையா ராத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" ஹாமிது கணுக்காலிலிருந்து கண்ணியைக் கழற்றினான்.

மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு நூஹு வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இது நிக்க விடமாட்டேங்கு. கல்லோட கெடக்கேன். நான் கயித்த ஆட்டுத வரைக்கும் இழுக்காத."

"வேண்டாம் ஓய்" என்றார் தண்டல்.

"இது ஒண்ணுதான். வெறுங்கையா வந்தா கயித்தப் பிடிச்சுக்கிடுதேன்."

இறங்கினார். கணுக்கால் எரிந்தது. எந்த நொடியும் இழுத்துவிடுவானோ என்று முதுகு கூசியது. கட்டிப்போட்ட ஆடு மேய்வதுபோல், கை எட்டிய வட்டத்துக்குள் மணலைத் துழாவினார். ஒரு சங்கு. பக்கத்திலேயே இன்னொன்று. கயிறு லேசாக அதிர்ந்தது. இழுப்பில்லை. பீடி குடித்த நாளில் இந்நேரம் நெஞ்சு தீயாய் எரிந்திருக்கும். இன்னும் எரியவில்லை. புதைந்து கிடந்த ஒன்றைத் தோண்டி எடுத்து இடுப்புப் பையில் போட்டார். பிறகுதான் கயிற்றை ஆட்டினார்.

கல், ஆள், பை மூன்றையும் சேர்த்து இழுத்துப் போட்டு ஹாமிது சாய்ந்து உட்கார்ந்தான். "அரிசி மூட்டைய இழுத்த மாதிரில்லா இருக்கு!"

தண்டல் பையைக் கவிழ்த்தார். சங்குகளைப் புரட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு இவருக்குக் கயிறு பிடிக்க ரெண்டு பேரு வேணும்" என்றார்.