பொன்னுசாமியின் இடது பெட்டி

கைபேசியில் பொன்னுசாமியின் பெயரைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எடுத்த எடுப்பில், "இப்ப எந்தப் பொட்டி கத்துது?" என்று கேட்டேன். பேசியது அவர் மகன். "சார், அப்பா தவறிட்டாருங்க. நெஞ்சு வலிங்க" என்றான். கேட்ட கேள்வியைத் திரும்ப விழுங்கவா முடியும்? போகும்போதும் என்னை இப்படி மாட்டிவிட்டுத்தான் போனார் மனிதர்.

நாமக்கல்லில் லாரித் தொழில் செய்த அவரை உங்களில் பலருக்குத் தெரியும். தொழிலை மகனிடம் விட்ட பிறகு, வீட்டில் உயர்ந்த ரக ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டார். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் கோயமுத்தூருக்கு இழுத்துப் போனார். இடுப்புயரப் பெட்டிகள் இரண்டை நான்தான் தேர்ந்தெடுத்தேன். விருந்தாளிகள் பாராட்டினால் அது "நம்ம பொட்டி".

ஒரு மாதம் கழித்து இடது பெட்டியில் சத்தம் கிளம்பியது. பாட்டில் தவில் அடி விழும்போதெல்லாம் கடகடவென்று ஏதோ உருளும். அன்றோடு அது "உங்க பொட்டி" ஆகிவிட்டது. "சார், உங்க பொட்டி மறுபடியும் கத்துதுங்க. வாரீங்களா?" போவேன். அதிர்வது அதுதானோ என்று ஜன்னல் கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷோகேஸிலிருந்த எவர்சில்வர் டம்ளர்களை அவர் மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். வயர்களை இடம் மாற்றிப் போட்டேன். சத்தம் இடது பெட்டியை விட்டு நகரவில்லை. ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்கவும் விடமாட்டார். தவில் வந்ததும் நிறுத்திவிட்டு, "கேட்டுதுங்களா?" என்பார்.

இதற்கிடையில் ஊரெல்லாம், "படிச்சவருன்னு நம்பிச் சொத்தப் பொட்டிய வாங்கிட்டேனுங்க" என்று சொல்லிவைத்தார். டயர் கடைக்காரர் என்னிடம் துக்கம் விசாரித்தார். விற்றவரிடம் நான் கமிஷன் வாங்கியதாகவும் பேச்சு கிளம்பியது. இத்தனை வருடம் சேர்த்து வைத்த நல்ல பெயர் ஒரு பெட்டியால் போகிறதே என்று மனம் வெந்தது.

கடைசியில் பெட்டியின் பின்பக்கத் துளைக்குள் கையை விட்டேன். கல்லாகக் காய்ந்த ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. குங்குமம்கூட ஒட்டியிருந்தது. புது லாரிக்குச் செய்வதுபோலவே, பெட்டி வந்த அன்று பூஜை போட்டுக் கண் படாமலிருக்க அவரே உள்ளே வைத்தது. அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அசரவில்லை.

"ஏனுங்க சார், இத்தன வெல குடுத்து வாங்குன பொட்டி ஒரு எலுமிச்சம்பழத்தத் தாங்காதுங்களா? லாரி தாங்குதுங்களே!"

ஊராரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "சொல்றேனுங்க" என்றார். சொல்லவே இல்லை. அதற்குப் பிறகும், மின்விசிறி கிரீச்சிட்டால்கூட என்னைத்தான் கூப்பிட்டார்.

துக்க வீட்டில், ஓமலூரிலிருந்து வந்திருந்த அவருடைய பங்காளி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானுங்களா அந்தச் சொத்தப் பொட்டி சாரு?" அந்த இடத்திலும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொன்னுசாமி எப்பவும் சொல்லுவானுங்க. பொட்டி எப்படியோ போவட்டும், கூப்பிட்டா ஒரு நாளும் வரமாட்டேன்னு சொல்லாத மனுசன்னு."

இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தச் சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன். அவரைத் திட்டித் தீர்க்காத கோபம் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. அதையும் நானேதான் வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ள வேண்டியவர் இல்லை.