ஏழு கண்ணி

என் தம்பி நூர் பாஷா சர்வே ஆபீசில் சங்கிலி ஆளாக இருந்தான். ஆபீசில் செயின்மேன் என்பார்கள். நிலத்தை அளந்து எழுதுபவர் சர்வேயர். அவர் காட்டுகிற இடத்தில் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பவன் சங்கிலி ஆள். சின்ன வேலைதான். ஆனால் அந்த வேலையை அவனைப் போல் செய்தவன் ஒருவனைக்கூட தர்மபுரியில் நான் பார்த்ததில்லை. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. நான் தையல்காரன். கால் அங்குலம் பிசகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் அத்தா இறந்தபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிஷினில் உட்கார்ந்தேன். அவனை ஒன்பதாவது வரை படிக்க வைத்தேன். 1965 அக்டோபரில் சேலத்திலிருந்து பிரித்து தர்மபுரியைத் தனி ஜில்லா ஆக்கினார்கள். அதுவரை ஒரு கையெழுத்துக்கும் சேலம் பஸ் ஏறிக்கொண்டிருந்த ஊரில், ஒரே வருஷத்தில் ஆபீசுகள் வந்து நிறைந்தன. அரிசி மில்லில் ஒரு ஆபீஸ், மண்டிக்கு மாடியில் ஒரு ஆபீஸ். அடுத்த ஜூனில் நூர் பாஷாவுக்கு வேலை கிடைத்தது. முதல் காக்கிச் சட்டையை நான்தான் தைத்தேன். எங்கள் சந்தில் அரசாங்கச் சட்டை போட்ட முதல் ஆள் அவன்.

அளக்கும் சங்கிலியில் நூறு கண்ணி, மொத்தம் அறுபத்தாறு அடி. ஒரு கண்ணி எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இழுத்து இழுத்து அது நீண்டுவிடும் என்பான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும், தரையில் தானே அடித்து வைத்திருந்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே சங்கிலியை விரித்துப் பார்ப்பான். வளைந்த கண்ணியைச் சுத்தியால் தட்டி நேராக்கி எண்ணெய் தடவுவான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அடுத்த வீட்டு அக்பர் அலி, வெல்ல மண்டி வைத்திருந்தவர், வாசலில் நின்று கேலி செய்வார்.

“என்னடா, சர்க்காரு சங்கிலிக்கு வெள்ளிக்கெழம எண்ணெக் குளியலா?”

“ஆமாங்க. வாரத்துக்கு ஒரு தடவ அதாச்சும் குளிக்குது” என்பான் தம்பி, அவருடைய பனியனைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் சந்துக்கு லாடக்காரச் சந்து என்று பெயர். பென்னாகரம் ரோட்டிலிருந்து வடக்கே உள்ளே போகும். சுவருக்குச் சுவர் இருபத்தாறு அடி. மேற்கு வரிசையில் ஏழு வீடுகள், எல்லாம் முஸ்லிம்கள். கிழக்கு வரிசையில் ஆறு வீடுகள், விவசாயக் குடும்பங்கள். அவர்கள் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் சோளக்காடு. இரண்டு பக்கமும் மண் சுவர், நாட்டு ஓடு. எங்களுக்கு நேர் எதிர் வீடு கிருஷ்ணப்பனுடையது. என் வயதுதான் அவருக்கும்.

சந்தின் வாயில் ஒரு சர்வே கல் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நட்டது. 1958 மே மாதம் என் தங்கை ஹமீதுன்னிசாவின் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் ஜோலார்பேட்டையிலிருந்து மொரப்பூருக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து தனி பஸ்ஸில் வந்தார்கள். பஸ் சந்துக்குள் திரும்ப அந்தக் கல் தடையாக இருந்தது. முதல் நாளே நானும் கிருஷ்ணப்பனும் கடப்பாரை போட்டு அதைப் பிடுங்கிச் சாய்த்து வைத்தோம். மூன்றாம் நாள், பெண்ணைக் கொண்டுவிட நூர் பாஷா ஜோலார்பேட்டைக்குப் போன பிறகு, திரும்ப நடப் போனோம். குழி பஸ் சக்கரத்தில் மூடிப்போயிருந்தது. இடம் தேடிக்கொண்டிருந்தபோது கிருஷ்ணப்பனின் சம்சாரம் நஞ்சம்மாள் வந்தார்.

“அங்க எதுக்குங்க மறுபடியும்? வண்டிக்காரனெல்லாம் இடிச்சிக்கிறான். வேப்பமரத்தடியில நடுங்க. நெழலா இருக்கட்டும்.”

நாலைந்து அடி கிழக்கே, மரத்தடியில் நட்டோம்; வேறு யாரும் கவனிக்கவில்லை. வெறும் கல் என்றுதான் நினைத்தோம். நஞ்சம்மாள் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். வெள்ளிதோறும் வைத்தார். ஆடி பதினெட்டுக்குக் காவேரித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். கிழக்கு வரிசைக்கு அது எல்லைச்சாமி ஆகிவிட்டது. நாங்களும் சிறுபிள்ளைகளை அதன்மேல் ஏற விடமாட்டோம்.

1969 ஜனவரியில் ரோடு வந்தது. வடக்கே காட்டில் புது ஆபீஸ் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் போக எங்கள் சந்தை முப்பது அடி ரோடாக அகலப்படுத்த வேண்டும் என்று உத்தரவு. அளக்க வந்த சர்வேயர் ராஜப்பன் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். மேலே இருந்து அவரை விரட்டிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடிக் கல்லைப் பார்த்ததும் அவருக்குத் திருப்தி.

“மஞ்சக் குங்குமம் வெச்ச கல்லுய்யா. இத எவன் தொட்டிருப்பான்? இதுலருந்தே புடி.”

நூர் பாஷா பிடித்தான். கோடு விழுந்தது. எங்கள் மேற்கு வரிசைச் சுவர்களைத் தொடாமல் ஏழு அங்குலம் தள்ளி நின்று, கிழக்கு வரிசை வீடுகளுக்குள் நாலரை அடிக்கு மேல் போயிற்று. ஆறு வீட்டுச் சுவரிலும் சுண்ணாம்பால் குறி போட்டார்கள். மண் வீட்டில் முன் சுவரை எடுத்தால் கூரை நிற்காது. நாலரை அடி என்றால் முழு வீடுதான்.

அன்று எங்கள் அம்மா ரஹமத் பீவி சேமியா பாயசம் வைத்தார். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அக்பர் அலி வீட்டிலும் வைத்தார்கள்.

மறுநாள் காலை கிருஷ்ணப்பன் என் கடைக்கு வந்தார். துணி வெட்டும் பலகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

“பெரிய பாய், அந்தக் கல்லு.”

“தெரியுது.”

“நாம ரெண்டு பேருந்தான நட்டோம்?”

“ஆமா.”

“நான் போயிச் சொன்னா வூட்டக் காப்பாத்திக்கப் பொய் சொல்றான்னுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. உங்களுக்குத்தான் அதுல லாபமில்லியே.”

பார்க்கலாம் என்றேன். அவர் படிவரை போய்த் திரும்பினார். பிறகு, “கல்ல நகர்த்துனா கேசு போடுவாங்களாமே?” என்று கேட்டார். போடலாம் என்றேன். அவர் போய்விட்டார். நான் அன்றைக்கும் அடுத்த நாளும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லைக்கல்லைப் பிடுங்கினால் தண்டனை என்பது ஒரு காரணம். என் வீட்டுச் சுவரில் குறி இல்லை என்பது முக்கியமான காரணம்.

மூன்றாம் நாள் நூர் பாஷா தானாகவே கண்டுபிடித்தான். பென்னாகரம் ரோட்டில் மோரி என்கிற சின்னப் பாலத்தருகில், மேற்கே, இன்னொரு பழைய கல் உண்டு. அதற்கும் இதற்கும் பழைய சர்வே வரைபடத்தில் மூன்று சங்கிலி நாற்பது கண்ணி. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, அவன் மட்டும் சங்கிலியை விரித்துப் பார்த்திருக்கிறான். நாற்பத்தேழு வந்தது. இரண்டாம் முறையும் நாற்பத்தேழு. நேரே கடைக்கு வந்தான்.

“அண்ணா, ஏழு கண்ணி ஏறுது. சங்கிலி சரியா இருக்குது. நேத்துதான் ஆணியில போட்டுப் பாத்தேன்.”

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. நிக்காஹ், பஸ், கடப்பாரை, வேப்பமரம் எல்லாம் சொன்னேன்.

“பதினோரு வருசமா தெனமும் அதத் தாண்டித்தான் போறேன்” என்றான். “எனக்குத் தோணவே இல்ல பாருங்க. அப்ப அது எனக்கு வெறும் கல்லு.”

“இப்பவும் வெறும் கல்லுன்னே வெச்சுக்கயேன். ராஜப்பன் சார் கையெழுத்துப் போட்டாச்சு. நீ யாரு அதத் திருத்த?”

“நுனியப் புடிச்சவன் நான்தானங்க.”

“அம்மாவ எங்க கொண்டு வெப்ப?”

அவன் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் ராஜப்பனிடம் சொன்னான். அங்கே நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். “கோடு மேக்கால போனா உன் வூடுதான் போவும், தெரியுதா?” என்று கேட்டாராம். “தெரியுங்க” என்றானாம். “சரி, கல்ல நகர்த்துனது யாரு?” என்று கேட்டாராம். “தெரியலீங்க” என்றானாம். அவன் வேலையில் சொன்ன ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னான்.

திரும்ப அளந்தார்கள். கோடு கிழக்கு வரிசைச் சுவரைத் தொட்டும் தொடாமலும் போயிற்று. மேற்கு வரிசையில் நாலு அடி உள்ளே வந்தது. ஆறு சுவரில் சுண்ணாம்பு அழிந்தது, ஏழு சுவரில் விழுந்தது. குடியிருக்க விட்ட நத்தம் நிலம். பட்டா ஒருவரிடமும் கிடையாது. நஷ்டஈடு கேட்க வழியில்லை.

அக்பர் அலி சந்து நடுவில் நின்று கத்தினார். “ஊர்ல எவனாச்சும் சொந்தக் கோழிய அறுத்து எதிர் வூட்டுக்கு விருந்து வெப்பானா? எங்க சின்ன பாய் வெச்சான்!”

அதுகூடப் பரவாயில்லை. வேறு ஒரு பேச்சு கிளம்பியது. நூர் பாஷாதான் வேலையில் சேர்ந்த பிறகு தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு ராத்திரி மரத்தடியிலேயே கல்லைக் கொஞ்சம் நகர்த்தினான், பிறகு மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து தானே போய் உளறிவிட்டான் என்றார்கள். ஆபீசிலும் அப்படித்தான் நினைத்தார்கள். நகர்ந்தது தெரியும், நகர்த்தியவன் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அவனுக்கு மெமோ கொடுத்துப் பென்னாகரத்துக்கு மாற்றினார்கள். மேற்கு வரிசை அவனைத் துரோகி என்றது. அவன் காப்பாற்றிய கிழக்கு வரிசை அவனைத் திருடன் என்றது. அவனைத் தவிர உண்மை தெரிந்தவர்கள் நானும் கிருஷ்ணப்பனும், நஞ்சம்மாளையும் சேர்த்தால் மூன்று பேர். கிருஷ்ணப்பன் கேசுக்குப் பயந்து பேசவில்லை. நான் எதற்குப் பேசவில்லை என்று இன்றும் ஒரு காரணமாகச் சொல்ல முடியவில்லை. முதலில் பயம். பிறகு, இத்தனை நாள் கழித்து எப்படிச் சொல்வது என்ற வெட்கம்.

1970 மார்ச்சில் எங்கள் வீடுகளை இடித்தார்கள். அன்று நூர் பாஷா லீவு போட்டு வந்து, ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினான். ஆயிரத்து நூற்று நாற்பது ஓடுகள். உடைந்தது பதினாறுதான். அம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. ஹமீதுன்னிசா வீட்டுக்கு ஜோலார்பேட்டை போனார். அடுத்த வருஷம் அங்கேயே இறந்தார். அக்பர் அலி அதியமான்கோட்டைக்குப் போனார். நான் பஜாரில் கடைக்குப் பின்னாலேயே ஒரு அறை எடுத்தேன். ஏழு குடும்பம் ஏழு பக்கம் போயிற்று.

கிழக்கு வரிசை ரோட்டுமேல் வந்துவிட்டது. முன் சுவரை அவர்களே இடித்துக் கடை போட்டார்கள். சைக்கிள் கடை, ஜெராக்ஸ் இல்லாத காலத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், ஆபீசுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை. 1974இல் கிருஷ்ணப்பன் வீடு இருந்த இடத்தில் ஒரு லாட்ஜ் எழுந்தது. கட்டியவர் சேலத்துக்காரர். கிருஷ்ணப்பன் அவருக்கு விற்றுவிட்டுச் சோளக்காட்டின் மிச்சத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். வேப்பமரத்தை வெட்டினார்கள். நஞ்சம்மாள் அதற்காகச் சில நாள் அழுதார் என்று கேள்வி.

நூர் பாஷா பென்னாகரத்தில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தான். இரண்டு இடத்தில் பெண் பார்த்தேன். விசாரித்துவிட்டு, “கல்லு விசயத்துல பேர் அடிபட்ட பையன்தானே?” என்று விட்டுவிட்டார்கள். பெருநாளைக்கு மட்டும் வருவான். புது ரோட்டில் நடக்க மாட்டான், சுற்றிக்கொண்டு பஜாருக்கு வருவான். ஒரு முறை நான், “எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமாடா?” என்று கேட்டேன்.

“சொன்னா வூடு திரும்பி வருமா? உங்க கடைதான் போவும். உடுங்கண்ணா” என்றான். நான் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அவன் அப்படிச் சொல்வான் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

1978 செப்டம்பரில் மஞ்சள் காமாலையில் இறந்தான். முப்பத்தெட்டு வயது. தர்மபுரிக்கே கொண்டுவந்தோம். ஜனாஸா தொழுகைக்கு முன்னால், இறந்தவரின் நெருங்கிய சொந்தம் எழுந்து நின்று, இவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால், மனம் நோக வைத்திருந்தால், அல்லாவுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். எல்லாரும் மன்னித்தோம் என்பார்கள். அண்ணன் நான் நின்றேன். பள்ளிவாசல் முற்றத்தில் பழைய மேற்கு வரிசை முழுவதும் வந்திருந்தது. கேட்டேன். வாய் தானாகச் சொல்லிற்று.

அக்பர் அலிதான் முதலில் பேசினார். தாடி நரைத்திருந்தது, கண் கலங்கியிருந்தது. “எங்க வூடு போச்சு. இருந்தாலும் மன்னிச்சிட்டோம், பெரிய பாய். அவன நாங்க மன்னிச்சிட்டோம்.”

மற்றவர்களும் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு நேரமும் இருந்தது. இமாம் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன். தொழுகை தொடங்கியது.

கபர்ஸ்தான் வாசலுக்கு வெளியே கிருஷ்ணப்பன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பள்ளிவாசலிலும் வெளியே நின்று கேட்டிருக்கிறார்.

“இன்னிக்காச்சும் நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன், பெரிய பாய்.”

“நானும் நீங்க சொல்லுவீங்கன்னுதான் பாத்தேன்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

ஆகையால் இதை எழுதி வைக்கிறேன். 1958 மே மாதம் லாடக்காரச் சந்தின் சர்வே கல்லைப் பிடுங்கியவர்கள் இரண்டு பேர். கடப்பாரை கிருஷ்ணப்பனுடையது. கல்லைத் தூக்கிக் கிழக்கே ஏழு கண்ணி தள்ளி நட்டு, மண் போட்டு மிதித்தவன் அப்துல் ரஷீத் ஆகிய நான். அதை நட்ட அன்று என் தம்பி நூர் பாஷா ஊரில் இல்லை. தங்கையைக் கொண்டுவிட ஜோலார்பேட்டைக்குப் போயிருந்தான்.