வாசல் தொட்டியில் ஓடிய படகு எஞ்சின்

போன வாரம் ஒரு நாள் முழுக்க, திருச்சுழியிலேயே படகு எஞ்சின் வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையதுதான். பெருமைப்பட அரை மணி நேரம்தான் கிடைத்தது.

என் மச்சினன் சேகர் நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கிறான். இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை, கண்மாய் நிரம்பிவிட்டது. உடனே அவனுக்குத் துடுப்பு கசந்துவிட்டது! கடற்கரைப் பக்கம் போய்ப் பழைய எஞ்சின் ஒன்றைத் தூக்கி வந்துவிட்டான்.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே... சூடேறாமல் இருக்க, எஞ்சினின் கால் தண்ணீருக்குள் இருக்க வேண்டுமாம். அதற்காகக் கண்மாய்வரை போவானேன்? எங்கள் வாசலில் சிமென்ட் தொட்டி இருக்கிறதே! முந்தின நாள்தான் குழாய்த் தண்ணீர் வந்து நிரம்பியிருந்தது. இனி அடுத்த வாரம்தான் வரும். மறுநாள் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அதே தண்ணீர்தான்.

மனைவி கடைக்குப் போயிருந்தாள். தொட்டிச் சுவரில் பலகை கொடுத்து எஞ்சினை இறுக்கினோம். சேகர் கயிற்றை இழுத்தான். டுக்... டுக்... டுக்... கியர் போடாமல் நின்ற இடத்திலேயே சும்மா ஓடுவதில் என்ன அழகான ஐடிலிங்! தெருவே கூடிவிட்டது.

"இதோட நிப்பாட்டிருவோம் மச்சான். கியரப் போட்டா தண்ணிக்குள்ள விசிறி சுத்தும்."

நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூட்டம் பார்க்கிறதே! போதாததற்கு, வீடியோ பார்த்துச் சேர்த்த ஞானம் வேறு.

"ஏலே மாப்ளே, ஐடிலிங்ல எல்லா எஞ்சினும் நல்ல புள்ளதான். முறுக்குனாத்தான் யோக்கியம் தெரியும். தள்ளு!"

கியரைப் போட்டு முறுக்கினேன்.

கடலில் என்றால் தண்ணீர் பின்னால் போகும், படகு முன்னால் போகும். எங்கள் தொட்டியோ கட்டிய நாள் முதல் நின்ற இடத்தில் நிற்பது. எனவே தண்ணீர் மட்டும் போனது – எதிர்வீட்டுச் சுவருக்கு, வேடிக்கை பார்த்தவர்கள் தலைக்கு, தெருவுக்கு. பதறி அணைப்பதற்குள் அடியில் எண்ணெய் மினுக்கும் கலங்கல்தான் மிச்சம்.

பையோடு வந்து நின்ற மனைவி தொட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஊருல மோட்டாரு தண்ணிய வீட்டுக்குள்ள கொண்டாரும். நம்ம மோட்டாரு தெருவுக்குக் கொண்டு போகுதாக்கும்?"

"எஞ்சினு நல்ல கண்டிசன்க்கா..." என்றான் சேகர்.

"எஞ்சின யாருடா குத்தஞ்சொன்னா? நாளைக்கு வாரவுகளுக்குக் காப்பிய எதுல போட? ஒம் மச்சானப் புழிஞ்சா?"

நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தால் நானும் அந்த எஞ்சின் ஜாதிதான். டீக்கடை பெஞ்சில் அருமையாக ஐடிலிங் ஓடுவேன். உலகத்துக்கே யோசனை சொல்வேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று முறுக்கினால் போச்சு... நகரவும் மாட்டேன், இருப்பதும் காலி.

மறுநாள் விடிகாலை, தெருமுனை போர்வெல் குழாய் வரிசையில் இரண்டு குடங்களோடு நின்றேன். பின்னாலிருந்த பெண் அவசரப்படுத்தினாள்.

"அண்ணே, கொஞ்சம் வெரசா நகருங்க!"

"வேணாம் தாயி... நான் ஐடிலிங்லயே வாரேன்."