நாலு ஒன்றான பிறகு

அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசல் மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்த அந்த ஒப்பந்த நர்ஸை எல்லோரும் நம்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களின் நிலையைப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை எண் போடுவது அவர் வேலை. ஒன்று என்றால் உயிர் போகிற அவசரம்; ஐந்து என்றால் காத்திருக்கலாம். யாராவது சத்தம் போட்டால், "இவ்வளவு கத்தத் தெம்பிருக்குல்ல, உங்களுக்கு அஞ்சுதான்" என்பார். வலியோடு வந்தவர்களும் சிரித்துவிடுவார்கள். தன் இரண்டு பெண்களையும் அந்தச் சம்பளத்தில்தான் படிக்க வைத்தார்.

அந்த மேசைக் கம்ப்யூட்டரில் நோயாளிகளை வரிசைப்படுத்தும் நிரலை எழுதியவன் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அது என் முதல் வேலை. முதலில் வந்தவரை அல்ல, அதிக அவசரமானவரை முதலில் அனுப்பும் வரிசை அது. உள்ளே ஒரு மரம் போல இருக்கும். புதியவர் அடியில் சேர்ந்து, தன் எண்ணுக்குத் தக்க இடம்வரை மேலே ஏறுவார். உச்சியில் இருப்பவரை மருத்துவர் அழைப்பார். சேர்ப்பதையும் எடுப்பதையும் நூறு முறை சோதித்தேன்.

ஒரு நாள் முற்பகலில் தையல்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். நெஞ்செரிச்சல் என்றார். அக்கா நாலு போட்டார். அரை மணியில் அவருக்கு வியர்த்துக் கொட்டவே, நாலை ஒன்றாக மாற்றினார். திரையில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒன்று வந்தது.

"அடுத்து உங்களத்தான் கூப்பிடுவாங்கம்மா, பயப்படாதீங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற ஆம்புலன்ஸுக்கு அக்கா ஓடினார். அவர் திரும்புவதற்குள் காய்ச்சல்காரர்கள் இருவரையும் சுளுக்குக்காரர் ஒருவரையும் உள்ளே அழைத்திருந்தார்கள். தையல்காரர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டிருந்தார்.

"ஆளு செத்த பிறகு நம்பரை மாத்திட்டு நாடகமாடுறா" என்றார் மருத்துவமனைக் கண்காணிப்பாளர். மாற்றிய நேரத்தை என் நிரல் குறித்து வைக்கவில்லை. அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி, விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார்கள்.

நிரலைத் திறந்து பார்த்தேன். எண்ணை மாற்றும் இடத்தில் எண்ணை மட்டும் மாற்றியிருந்தேன். ஆளை மேலே ஏற்றும் வரியை எழுதவே இல்லை. ஒன்று என்ற எண்ணோடு அவர் நாலின் இடத்திலேயே கிடந்திருக்கிறார்.

என் மேலாளரிடம் காட்டினேன். "திருத்திட்டு கம்முனு இருப்பா. உங்க வீட்டுல உலை வைக்கிறதே உன் சம்பளத்துலதானே?"

மூன்று நாள் கம்மென்றுதான் இருந்தேன். அதைப் பயம் என்று சொல்லிக்கொள்கிறேன். வெறும் பயம்தானா?

பிறகு, பிழை என் நிரலில்தான் என்று விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதி, அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு முறை படித்தார்.

"அப்போ நான் பொய் சொல்லலன்னு ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்க்கா."

"சரி. நான் அந்தத் திரைய நம்பாம, நேரா உள்ள போய் டாக்டர் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருந்தா?"

நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"சொல்லு தம்பி. படிச்சவன்தானே நீ."

"பொழைச்சிருக்கலாம்க்கா."

அக்கா கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"குடுத்துடு. எனக்கு வேலை வேணும். ஆனா அந்தத் தையக்காரர் வீட்டம்மாகிட்டயும் இதை நீயே போய்ச் சொல்லிடு. அவங்க மூஞ்சிய என்னால பார்க்க முடியாது."

கடிதத்தைக் கொடுத்தேன். அக்காவை மருந்துக் கிடங்கில் சேர்த்துக்கொண்டார்கள். என் வேலை போயிற்று. தையல்காரர் வீட்டு வாசல்வரை இரண்டு முறை போய்விட்டேன். இன்னும் கதவைத் தட்டவில்லை.