மேட்டுப்பாத்தி

கேள்விகளைத் தபால் கார்டில்தான் எழுதினேன். முருங்கைப் போத்து எத்தனை முழம் இருக்க வேண்டும், தண்டுக்கீரை விதையை எந்த மாதம் தெளிக்கலாம், தெளித்தால் எத்தனை நாளில் பறிக்கலாம், எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து, மாயவரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் தமக்கைக்கு. கார்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படிப்பார்கள். கவர் என்றால் இன்னும் மோசம், அப்படி என்ன ரகசியம் என்று அவள் மாமனாரே பிரித்துவிடுவார். அதனால் கேட்க வந்த ஒரே கேள்வியை மட்டும் எழுதவில்லை. பொழுது சாய்ந்தால் என் கணவருக்குக் கண் தெரிவதில்லை. கீரை கொடுத்தால் தெரியுமா?

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. யுத்த காலம். அவருக்கு யார்டில் ஷன்டிங் வேலை. சரக்குப் பெட்டிகளைக் கோக்கும்போது தரையில் நின்று எஞ்சின் டிரைவருக்குக் கொடி காட்ட வேண்டும்; இருட்டினால் கைவிளக்கு. அந்த வருஷம் பகல் டூட்டி. பொங்கல் கழிந்ததும் இரவு டூட்டிக்கு மாற வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தது.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம், குழாயடியில் பிடித்த பக்கெட்டை நடைபாதையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். விளக்கு வைக்கும் நேரம். இன்னும் வெளிச்சம் இருந்தது, மௌலாலிக் குன்று கூட மங்கலாகத் தெரிந்தது. அவர் வேலை முடிந்து வந்தவர், நேரே நடந்து பக்கெட்டின் மேல் விழுந்தார். தண்ணீரில் கை ஊன்றி உட்கார்ந்திருந்த மனிதர் என்னைப் பார்க்கவில்லை, என் குரல் வந்த பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையின் குறி ஒரு சாண் தப்பியிருந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"கேட்டிலேர்ந்து வாசப்படிக்குப் பத்தொம்பது அடி," என்றார். "எண்ணி வெச்சிருக்கேன். நீ நடுவுல சாமான் வைக்காதே. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் அவ்வளவோடு போய்விடுமா? ரயில்வே டாக்டரிடம் போக முடியாது. போனால் அன்றைக்கே யார்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், வேலையோடு குவார்ட்டர்ஸும் போகும். வார ஓய்வு நாளில் சார்மினார் பக்கம் ஒரு ஹக்கீம் வைத்தியரிடம் போய் வந்தார். ஆட்டு ஈரல் தின்னச் சொன்னாராம். எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அப்படியானால் கீரை தின், தினமும் தின், மாடு தின்கிற மாதிரி தின் என்றாராம் அவர்.

கீரைக்கு எங்கே போவது? கன்டோன்மென்ட் முழுக்கப் பட்டாளம். தோட்டத்திலிருந்து வரும் வண்டிகள் விடியும் முன்பே அங்கே திரும்பிவிடும். எங்கள் பக்கம் வந்து சேர்வது வாடிய முள்ளங்கியும் முற்றிய வெண்டையும்தான். ஆகவே, கொல்லையில் கிடந்த பத்தடி செம்மண். ஆகவே, தபால் கார்டு.

தமக்கை பதில் போட்டாள். அவள் கையெழுத்து எப்போதும் அவசரப்படாது. 'இப்போது விதைக்காதே. ஐப்பசி அடைமழை பொடி விதையை அடித்துக்கொண்டு போய்விடும். பாத்தியை ஒரு சாண் உயரமாகக் கட்டு, சுற்றிலும் வடிகால் வெட்டு. மழை தணிந்து கார்த்திகை பிறந்ததும் தெளி. முளைத்ததும் அடுப்புச் சாம்பல் தூவு, பூச்சி அண்டாது. முருங்கைப் போத்தை மட்டும் இப்போதே நடு, நுனியில் சாணி அப்பு.'

ஒவ்வொரு சொல்லையும் வேதம் மாதிரி பிடித்துக்கொண்டேன். கடப்பாரை ஒரு முழத்தில் பாறையில் மோதித் தீப்பொறி பறக்கும்; அந்த ஊர் மண்ணுக்குக் கீழே எங்கும் கல்தான். பரவாயில்லை என்று மண்ணைக் குவித்தேன், மேடாக்கினேன், வடிகால் வெட்டினேன். மிச்சப் புரட்டாசி முழுக்க நல்ல மழை பெய்தது. மண் நனைந்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவு போல நின்றது. விதையை முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். இது இல்லை, பெரிய மழை இனிமேல்தான், இது இல்லை.

ஐப்பசி பிறந்தது. வானம் துடைத்து வைத்த மாதிரி ஆயிற்று. மேகம் என்று ஒரு நூல் கிடையாது. காலையில் குளிர், மதியம் காற்று, அந்தக் காற்று என் மேட்டுப்பாத்தியின் நான்கு பக்கத்தையும் நக்கி நக்கி உலர்த்தியது. வடிகாலில் எறும்பு போயிற்று. நான் இன்னும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் இந்நேரம் ஆறு கரை புரளும், இங்கே வராமல் எங்கே போகும் என்று. ஏழு வருஷமாக அந்த ஊரில் இருந்தும், ஐப்பசிக்கு அங்கே மழை இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். துணி காயப்போடுகிறவளுக்குத் தெரிந்தது, விதை வைத்திருந்தவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு தெலுங்குக்காரி. காலனியில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அவளை வதினா என்று கூப்பிடுவேன், அண்ணி என்கிற முறையில். அவள் என்னை அரவம்மா என்பாள், தமிழ்க்காரி என்று அர்த்தம். இடுப்பளவு மதில்தான் நடுவே. அவள் கொல்லையில் மூன்று மூன்று இலையாக ஏதோ ஒன்று அடர்த்தியாக, பச்சையாக வளர்ந்துகொண்டிருந்தது. கன்றுக்குட்டிக்குத் தீவனம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவளிடம் எதையும் கேட்கக் கூடாது என்று வைத்திருந்தேன். காரணம் உண்டு. யார்டில் பெட்டிகளுக்கு நடுவே புகுந்து சங்கிலி மாட்டுகிறவர் அவள் கணவர். அவர் உள்ளே இருக்கும்போது எஞ்சினை நிறுத்தி வைக்கிற விளக்கு என் கணவர் கையில். பொங்கல் கழிந்து ஒரு ராத்திரி என்ன நடக்கலாம் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டேதான் மதில் மேல் சாய்ந்து, அவள் கொடுத்த ஊறுகாய் மாங்காய்த் துண்டைத் தின்றேன்.

கார்த்திகை பிறந்ததும் தெளித்தேன். குடம் குடமாக ஊற்றினேன். மேட்டில் ஊற்றிய தண்ணீர் நான் வெட்டிய வடிகால் வழியாகவே ஓடிப்போயிற்று. முளைத்த வரைக்கும் விரல் உயரத்தில் குளிருக்குச் சிவந்து நின்றது. தமக்கை சொன்னபடி சாம்பல் தூவினேன். அவள் வீட்டு அடுப்பில் எரிவது விறகு. என் அடுப்பில் எரிவது யார்டு நிலக்கரி. அது எனக்கு உறைக்கவே இல்லை, சாம்பல் சாம்பல்தானே. மூன்றாம் நாள் கீரை முழுக்கக் கருகிச் சுருண்டு படுத்துவிட்டது. முருங்கைப் போத்து விட்டிருந்த இரண்டு துளிரும் மஞ்சளாகி உதிர்ந்தன. பொங்கலுக்கு இன்னும் ஆறு வாரம்.

பாத்தி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு.

"ஏமே அரவம்மா, யாரைப் புதைச்சே? இவ்ளோ உசரமா சமாதி?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"கைக்கு, எதுக்கு அழறே? கீரை போனா போச்சு."

"கீரை இல்ல வதினா."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதிலைத் தாண்டி வந்து, என் பக்கத்தில் குந்தினாள்.

"உன் ஆளுக்கு இருட்டுல கண்ணு தெரியாது," என்றாள். கேள்வி இல்லை அது. "தசராவுலேர்ந்து பாக்கறேன். சுவத்தைத் தடவிக்கிட்டு வர்றாரு. நீ சொல்றியா பாக்கலாம்னு இருந்தேன். நீ மாங்கா தின்னுட்டுப் போறே."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட..."

"சொல்லலே. சொன்னா அவரு மேஸ்திரிகிட்ட சொல்வாரு. சொல்லணும்தானே? அவரு ரெண்டு பெட்டிக்கு நடுவுல நிக்கறவரு." கருகிய கீரையைக் கிள்ளி முகர்ந்தாள். "பொக்கு சாம்பலா, யார்டு நிலக்கரி? அதானே. நீ பெரிய தோட்டக்காரிதான்."

பிறகு மண்வெட்டியை எடுத்து, நான் ஒரு மாதமாகக் கட்டிய மேட்டை வெட்டித் தள்ள ஆரம்பித்தாள். பள்ளமாக்கு, இந்த ஊரில் பாத்தி தட்டு மாதிரி குழிந்திருக்க வேண்டும், ஊற்றின தண்ணீர் நிற்க வேண்டும் என்றாள். தண்டுக்கீரை நக்கோ, வேண்டாம், குளிருக்கு அது வராது.

"அப்ப எதைப் போடறது?"

"உன் அஞ்சறைப் பெட்டியைக் கொண்டா."

கொண்டு வந்தேன். அவள் இரண்டு விரலால் வெந்தயத்தை அள்ளிக் காட்டினாள். "மெந்தி. இதான் கூரா, கீரை. என் கொல்லைல நிக்கறது இதான்."

வெந்தயம் எங்களுக்குத் தாளிப்பு. குழம்புக்கு, தோசை மாவுக்கு. அதற்கு இலை உண்டு, அந்த இலையைக் கட்டுக்கட்டாகத் தின்னலாம் என்பது காவிரிக் கரையில் எனக்கு யாரும் சொன்னதில்லை. மூன்று மாதமாக விதை என் அடுப்படியில் இருந்தது, செடி என் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"உன்னுது வளர்ற வரைக்கும் என்னுதை அறுத்துக்கோ," என்றாள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, முதல் தடவையாகக் கடுமையாகப் பார்த்தாள். "பொங்கல் வரைக்கும் நான் எதையும் பாக்கலே. பொங்கலுக்கு மறுநாள் நானே பாப்பேன். அன்னிக்குத் தெரியலேன்னா, அன்னிக்கே சொல்லுவேன். நீ என்மேல கோவிக்கக் கூடாது."

கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது?

தினமும் வெந்தயக்கீரை. பருப்பில், மாவில் பிசைந்து, சும்மா வதக்கி. கசப்பில் அவர் முகம் கோணும். "இதுக்கு ஹக்கீம் ஈரலே தேவலை போல," என்பார். தின்பார். என் குழிப்பாத்தியும் இருபது நாளில் நிரம்பிவிட்டது. குளிரக் குளிர அது கொழுத்தது. சாயங்காலம் அவர் வரும்போது, தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. தெரிகிறது என்று அவரும் சொல்லவில்லை. பத்தொன்பது அடியை மனப்பாடம் செய்த மனிதர் சரியாக நடந்து வருவதில் என்ன அத்தாட்சி? பாதையை நான் பெருக்கிப் பெருக்கி வைத்திருந்தேன்.

பொங்கலுக்கு மறுநாள், வெளிச்சம் வடிந்து கொண்டிருக்கும்போது வதினா வந்தாள். நேரே குழாயடிக்குப் போய், என் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, பாதையில் பன்னிரண்டாவது அடியிலோ என்னவோ, சரியாக நடுவில் வைத்தாள். வந்து வாசலில் என் பக்கத்தில் நின்றாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருமாதே," என்றாள்.

கேட் திறந்தது. அந்தப் புரட்டாசி மாலையை விட இருட்டு. அவர் கதவைச் சாத்திவிட்டு நடந்தார். வேகம் குறையவில்லை. ஐந்து, ஆறு. நானும் எண்ணினேன். ஒன்பது. அவர் முகம் எங்கள் பக்கம்தான் இருந்தது, கீழே இல்லை. பத்து. என் தொண்டையில் இருமல் ஏறி வந்து நின்றது. ஒரு சின்னச் சத்தம் போதும், அவர் நிற்பார், வேலை நிலைக்கும், குவார்ட்டர்ஸ் நிலைக்கும். இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை, அவள் என் கையைப் பிடிக்காமல் இருந்தால் நான் இருமியிருப்பேனா என்று. வாய் திறந்துதான் இருந்தது.

பதினொன்று. நின்றார்.

குனிந்தார். பக்கெட்டின் காதைத் தடவாமல் நேராகப் பிடித்துத் தூக்கி, குழாயடியில் கொண்டு வைத்தார்.

"நடுவுல சாமான் வைக்காதேன்னு எத்தனை தரம் சொல்றது?" என்றார். பிறகு, இருட்டில் என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "வாங்கம்மா, உள்ள வாங்க, கீரைதான் இருக்கு," என்றார்.

மணிக்கட்டில் அவள் விரல்கள் தளர்ந்தன. "நக்கோ பாபு," என்றாள். "எங்க வீட்லயும் அதேதான்." மதிலைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு ஆண்களும் விளக்கு எடுத்துக்கொண்டு ஒன்றாக யார்டுக்குக் கிளம்பினார்கள். நான் உள்ளே வந்து தமக்கைக்குக் கார்டு எழுத உட்கார்ந்தேன். கீரை என்ன ஆயிற்று என்று அவள் இரண்டு முறை கேட்டிருந்தாள். வெகுநேரம் யோசித்து ஒரு வரி எழுதினேன். 'இங்கே ஐப்பசியில் மழை இல்லை, அக்கா.'