முதலாளி இல்லாத ரொட்டிக்கடை

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. வாயைத் திறந்தாலே "இது நியாயமா?" என்று கேட்டுக் கேட்டு, நியாயம் என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது. ஒரே மழை ஒரு வீட்டில் ஒழுகி அடுத்த வீட்டில் ஒழுகாமல் இருப்பது நியாயமா என்று கேட்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கல்யாணமான புதிதில், போர்வையைச் சரிபாதியாக வெட்டிவிடுவாரோ என்று அவர் மனைவி பயந்தாளாம்.

ரொட்டிக்கடையில் அவருக்கு அடுப்பு வேலை. பழைய முதலாளி தள்ளாமையால் கடையை விடப் போகிறேன் என்றபோது, வேலை செய்த ஐந்து பேரும் சேர்ந்து எடுத்து நடத்தலாம் என்று கிளப்பிவிட்டவர் இவர்தான். மாவு பிசைய எல்லோருக்கும் அண்ணனான ஒரு பெரியவர், கேக் போட ஓர் அக்கா, கல்லாவில் அவளுடைய தங்கை, வேன் ஓட்ட ஒரு வாயாடி. ஐவருக்கும் சம பங்கு. முதலாளி என்று யாரும் கிடையாது.

அதிலிருந்து ரொட்டி வாங்க வருகிறவர்களுக்குத் தப்பிக்க வழியில்லாமல் போனது.

"லாபம் லாபம்னு ஓடுற உலகத்துல குறையில்லாத சமுதாயம் வரவே வராதுன்னு சொல்றாங்களே, இங்க வந்திருக்கு பாருங்க! இந்த மாவு மூட்டைக்கும் அடுப்புக்கும் நடுவுல!" என்பார். பாக்கிச் சில்லறைக்காக நிற்கும் மனிதர் பாவம், தலையாட்டித்தானே ஆகவேண்டும்?

அந்தச் சமுதாயத்தில் ஒருநாள் உப்பு கூடிப்போனது. எல்லோரும் முதலாளி என்பதால் எல்லோருக்கும் பொறுப்பு. ஒரே மாவில் மூன்று பேர் உப்புப் போட்டுவிட்டார்கள். திட்டுவதற்கு ஆளில்லை. "என் தப்பு", "இல்ல, என் தப்பு" என்று ஆளாளுக்கு மல்லுக்கு நின்றார்கள். அந்த ரொட்டியை அவர்களே தின்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் யாருக்கும் எதையும் மறுத்துச் சொல்ல வாய் வராது. அதற்கு நியாயமே வழி கண்டுபிடித்தார். முக்கியமான முடிவென்றால் மேசையைச் சுற்றி நின்று, கண்ணை மூடிக்கொண்டு கை காட்டவேண்டும். எல்லோரும் காட்டிய பிறகுதான் கண் திறக்கலாம். கதவுக்கு என்ன வண்ணம், எந்தக் கிழமை விடுமுறை எல்லாம் இப்படித்தான் முடிவானது.

பிறகு தெருமுனையில் ஒரு பெரிய கடை திறந்தது. தொழிற்சாலை ரொட்டி, அழகாக வெட்டி, பாதி விலைக்கு. இவர்கள் கடையில் ரொட்டி தேங்க ஆரம்பித்தது. பிசைகிற மெஷின் கடனுக்கு வாங்கினால் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் கடனையும் கட்டி ஐந்து குடும்பம் சாப்பிட முடியாது. ஒருவர் போகவேண்டும்.

"நம்ம முறைப்படியே பாத்துடலாம். யார் போகணும்னு தோணுதோ அவங்களக் காட்டுங்க," என்றார் நியாயம்.

கண்ணை மூடினார்கள். நியாயத்துக்கு அண்ணனின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாக அண்ணன் டீ டம்ளரைக்கூட இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார். மெஷின் வந்தால் அவருக்கு வேலையும் இல்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. விரலை நீட்டினார்.

கண் திறந்தபோது, அக்காவின் கை அவள் நெஞ்சில் இருந்தது. தங்கையின் கையும் அப்படியே. வாயாடியும், அண்ணனும் தத்தம் நெஞ்சையே தொட்டுக்கொண்டு நின்றார்கள். நியாயத்தின் விரல் மட்டும் மேசைக்குக் குறுக்கே நீண்டிருந்தது.

மடக்கினால் அசிங்கம், மடக்காவிட்டால் அதைவிட அசிங்கம் என்று அந்த விரல் அந்தரத்தில் நின்றது. அண்ணன்தான் எட்டி அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கை வலி உயிர் போகுது தம்பி. நீ கவனிச்சிருக்க," என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "நான் கல்லாவுல உக்காந்துக்கறேன். தங்கச்சி மெஷின் பாக்கட்டும். அஞ்சு பேரும் கொஞ்சம் கொஞ்சம் கம்மியா எடுத்துக்கலாம். யாரும் போக வேணாம்," என்றார். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே எல்லோரும் சரி என்றார்கள்.

வீட்டுக்கு வந்த நியாயம் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மனைவி துருவித் துருவிக் கேட்டபிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

"நான் போறதுன்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தோணல. நினைச்சுக்கூடப் பாக்கல," என்று சின்னப்பிள்ளை போல அழுதார். "நானே இப்படின்னா அந்தக் குறையில்லாத சமுதாயம் எங்கேருந்து வரும்? வராது. எந்தக் காலத்துலயும் வராது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மீசையில் ஒட்டியிருந்த மாவை முந்தானையால் துடைத்துவிட்டாள். இத்தனை வருடம் அந்த மனிதரின் நியாயத்தையெல்லாம் கேட்டுச் சலித்தவள்தான். ஆனால் அவர் அழுவதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, அங்க எத்தனை பேரு நின்னீங்க?"

"அஞ்சு பேரு."

"கண்ண மூடினதும் அதுல நாலு பேரு தன்னைத்தானே காட்டியிருக்காங்க. இந்த உலகத்துல, இந்தக் காலத்துல, அஞ்சுல நாலு பேரு! அதுக்குப் போய் உக்காந்து அழுவாங்களா?"