உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

எங்கள் ஊரில் எது கெட்டாலும் பழியை உப்புக்காற்றின் தலையில் கட்டிவிடுவோம். கேட் துருப்பிடித்தாலும் உப்புக்காற்று, மிக்சி நின்றாலும் உப்புக்காற்று. தூத்துக்குடியில் பிறந்து, துறைமுகத்தை ஒட்டிய கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கும் நான் மட்டும் விதிவிலக்கா என்ன?

எனக்குப் பாட்டுக் கேட்பதென்றால் பைத்தியம். நகை வேண்டாம், நல்ல ஹெட்போன் வேண்டும் என்று கேட்ட ஒரே பெண்பிள்ளை எங்கள் தெருவில் நானாகத்தான் இருப்பேன். மளிகைக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சரி என்றார். சென்னைக் கடைக்காரர் இரண்டு வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதாகவும், வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

முதலில் வந்தது எலெக்ட்ரோஸ்டாட்டிக். இரண்டு தகடுகளுக்கு நடுவே வெங்காயச் சருகை விட மெல்லிய படலம் ஒன்று மின்சாரத்தில் அதிரும். அதற்கென்று தனிப்பெட்டி வேறு. புல்லாங்குழல்காரர் மூச்சிழுப்பது கூடக் கேட்டது. இதுதான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் மாட்டினால் இடது பக்கம் அமுங்கிக் கிடந்தது. கூடவே ஒரு இரைச்சல். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஈரக்காற்று பட்டால் அந்தப் படலம் ஒரு பக்கம் சோர்ந்துவிடும், இரையும் என்று படித்திருந்தேன். வீட்டுக்காரரும் ஒத்து ஊதினார்.

"ஏளா, இந்தக் காத்து இரும்பையே திங்குது. இந்தச் சருக விட்டு வைக்குமா?"

ஈரத்தை உறிஞ்சட்டும் என்று கடையிலிருந்து அரிசி கொண்டுவந்து டிரம்மில் கொட்டினோம். ஹெட்போனைத் துணியில் சுற்றி அதற்குள் வைத்தோம். அப்படியும் இடது பக்கம் தெளியவில்லை. கழற்றிய பிறகும் இரைச்சல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அதிக நேரம் கேட்டதால் என்று நினைத்தேன். காது லேசாக அடைத்தது. பனிக்காலம் என்று விட்டுவிட்டேன். போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பேன் என்பதால் ஆபீசிலும் ஒன்றும் தெரியவில்லை.

திருப்பி அனுப்பினேன். கடைக்காரர் சோதித்துவிட்டு, இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருக்கிறது, வலது இடது மாற்றி மாட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். பாவம், அந்த மனிதர் டைனமிக்கை அனுப்பி வைத்தார். காந்தமும் கம்பிச்சுருளும் போட்ட முரட்டு ரகம், எந்தக் காற்றுக்கும் அசையாது என்றார்.

அதிலும் இடது பக்கம் அமுங்கியே இருந்தது.

கடைக்காரர் கேட்டது நினைவுக்கு வந்தது. வலது இடது மாற்றி மாட்டினேன். அப்போதும் அதே இடது பக்கம். என் பக்கம்.

பாளையங்கோட்டையில் காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். நரம்பு போய்விட்டது என்றார். திடீரென்று சிலருக்கு இப்படி வருமாம், காரணம் தெரியாதாம். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"அப்பவே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்மா. இப்போ நேரம் தாண்டிட்டு."

காது சாகக் கிடந்த நாட்களில் நான் ஹெட்போனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் மேல் வந்த ஆத்திரத்தில் அழுகை கூட வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வலதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் எனக்கு இடப்பக்கம். வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். உப்பளம் தெரிய ஆரம்பித்ததும், ஊர் வந்துவிட்டது என்று சொல்லத் திரும்பினேன். அவர் முகம் நனைந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டு வந்தாரோ.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்.